காய்ச்சிய எண்ணெயும் சீமைக்கார் சீட்டும்

எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு வழக்கு நடந்து வந்தது. வழக்குப் போட்டவள் நான். எதிராளி அப்பா. ஒரு சீமைக்காரின் டிரைவர் சீட்டை நல்லபடியாக ஆக்கியது யார் என்பதுதான் விவகாரம். அப்பா ஒரு நாளும் மறுத்து வாதாடியதில்லை. நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டுச் சிரிப்பார். அதனால் ஜெயித்தது நான்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு வடசேரியில் குஷன் கடை. பஸ் ஸ்டாண்டில் இருந்து கூப்பிடு தூரம். முன்னால் கடை, நடுவே சின்ன முற்றம், பின்னால் வீடு. ஆட்டோ, மினி பஸ், ஜீப் என்று நாலு சக்கரத்துக்கும் மூன்று சக்கரத்துக்கும் சீட் தைத்துக் கொடுப்பார். கூட வேலை செய்தவர் சித்தப்பா. இரண்டு பேருக்கும் ஒரே அம்மா வயிறுதான் என்றாலும் ரசனை வேறு வேறு. அப்பாவுக்குத் தையல் நேராக இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு சீட் கண்ணில் அடிக்க வேண்டும். சிவப்பு ரெக்ஸினுக்கு ஓரம் முழுக்க மஞ்சள் பைப்பிங் வைத்து, முதுகுப் பக்கத்தில் பறக்கும் குதிரையும் ஒட்டிவிட்டால்தான் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். வாடிக்கைக்காரர்களும் சித்தப்பா கட்சிதான். துபாயில் இருந்து வந்து புது வண்டி எடுப்பவர்கள் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கூடக் கழற்றாமல், வேர்வையில் ஒட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். புதுசு என்பது அவ்வளவு பெரிய விஷயம் எங்கள் ஊரில்.

அப்படிப்பட்ட கடைக்கு, நான் நாலாம் வகுப்பு படித்தபோது, கால் பரீட்சை லீவு தொடங்கிய அன்று, பழசே வேண்டும் என்று ஒருவர் வந்தார்.

அவர் வந்த காரை முதலில் சொல்ல வேண்டும். மேல்கூரை கிடையாது. இரண்டே பேர்தான் உட்காரலாம். கரும்பச்சை நிறம். முன்பக்கம் நீளமாக, தரையோடு தரையாக, சத்தம் மட்டும் லாரி அளவுக்கு. அதை ஓட்டி வந்தவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். சீட்டுகள் இரண்டும் பின்னாலேயே ஒரு ஜீப்பில், போர்வை சுற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆட்களைப் போல வந்தன. அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்டக்காரர் அவர். அப்பா ‘சார்’ என்று கூப்பிட்டதால் நாங்களும் அவரைத் தோட்டத்து சார் என்றோம். நாட்டைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரரிடம் இருந்து அவருடைய அப்பா வாங்கிய கார் அது. பெரியவர் இறந்த பிறகு, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் புரைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பல வருஷம் கிடந்திருக்கிறது. ஷீட் உலர்ந்த சூட்டில் சீட்டின் தோலும் சேர்ந்து உலர்ந்துவிட்டது. இப்போது மகன் எஞ்சினைச் சரிசெய்துவிட்டார். இன்னும் இரண்டு வாரத்தில் திருவனந்தபுரத்தில் பழைய கார்களின் ஊர்வலம். அதில் தன் அப்பாவின் காரை ஓட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

“புதுசு ஒண்ணும் வேண்டாம் மேஸ்திரி. உள்ளது மதி. எனக்க அப்பன் இருந்த சீட்டாக்கும். அதே தோலு, அதே நெறம். அதைக் காப்பாத்தித் தந்தா போதும்” என்றார்.

சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் அதற்குள் மனசில் மஞ்சள் பைப்பிங் வைத்துத் தைத்து முடித்திருந்தார்.

தோட்டத்து சார் ஏற்கெனவே வெளியூரில் ஒரு பெரிய பட்டறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அங்கே வேலை பழகும் பையன்கள் மாதிரிக்கு என்று சொல்லி, ஒரு சீட்டின் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத் தோலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டையை எங்களுக்குக் காட்டியபோது அவர் குரல் மாறிப்போயிற்று. வெட்டிய துண்டைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். “கண்டவன் கையெல்லாம் இதுல படப்பிடாது மேஸ்திரி. பட்டா நான் எடுத்துட்டுப் போயிருவேன்.”

“எனக்க கையைத் தவிர வேற கை படாது சார்” என்றார் அப்பா.

இதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எதிர் டீக்கடையில் நின்றிருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்கும் கேட்டது. என் முதுகு தானாக நிமிர்ந்தது.

மறுநாள் சீட்டைப் பிரித்தார்கள். பிரித்தார் என்று சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு அதில் வேடிக்கை பார்க்கிற வேலை மட்டும்தான். ஒவ்வொரு துண்டுக்கும் பின்பக்கம் சாக்பீஸால் நம்பர் போட்டு, எது எதோடு சேரும் என்று என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் படம் வரைந்துகொண்டார் அப்பா. தோலுக்குக் கீழே கித்தான் துணி, அதற்கும் கீழே ஒரு மெத்தை. அதைப் பிய்த்தவர் சட்டென்று நிறுத்தி, ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தார். குதிரைமுடியோடு கலந்து தேங்காய் நார்.

அவ்வளவுதான், வேலையைப் போட்டுவிட்டு அந்த ஒரு பிடி நாரோடு டீக்கடைக்குப் போய்விட்டார். “சீமையில தென்னை உண்டுமா? இது நம்ம கரையில இருந்து கப்பலேறிப் போன நாராக்கும்” என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். எந்தக் கரையில் இருந்து போனதோ யார் கண்டது. சித்தப்பா மட்டும், “அப்பம் வெள்ளைக்காரன் இவ்வளவு நாளும் நம்ம நாருமேல தான் இருந்திருக்கான்” என்றார். அன்றைக்கு அந்தக் கடையில் டீ குடித்த எல்லோருக்கும் கொஞ்சம் கர்வம் ஏறிப்போயிற்று. நான் தெருப்பிள்ளைகளைக் கூட்டி வந்து, வாசலில் நிறுத்தி, தொடாமல் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டுக் காட்டினேன்.

நாரைப் புதிதாகப் போட்டுவிடலாம். இற்றுப்போன ரப்பர் வார்களை மாற்றிவிடலாம். வில்லங்கம் தோலில்தான் இருந்தது. ஈரத்துணியால் பதமாகத் துடைத்து, பின்னறையில் புதுப்பாய் விரித்து அதன்மேல் காய வைத்திருந்தார். நிறம் வெளிறிப்போய், சுக்கு மாதிரி சுருங்கிக் கிடந்தது. லேசாக மடக்கினால் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். அப்பா அந்தச் சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

“வறண்டு போச்சு. பேருக்குக் கூட எண்ணெப்பசை இல்ல. இதுல ஊசி போட்டா கிழிஞ்சிரும்” என்று அம்மாவிடம் சொன்னார். பழைய தையல் ஓட்டைகளிலேயே மறுபடி ஊசி போக வேண்டும், புதிதாக ஓர் ஓட்டை விழக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டளை. தோலை இளக்குவதற்கு ஒரு க்ரீம் இருப்பதாகவும், சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை துபாயில் இருந்து வரும்போது கொண்டுவருவதாகவும் ஏற்பாடு. அதுவரை யாரும் பின்னறைக்குப் போகக்கூடாது. கதவுக்குப் பூட்டு இல்லை. அப்பாவின் பேச்சே பூட்டு.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் எண்ணெய்க்குளி. அம்மா கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, உள்ளி என்று நாங்கள் சொல்லும் சின்ன வெங்காயம் கொஞ்சம், எல்லாம் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சுவாள். அந்த மணம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகும் என்று சித்தப்பா சொல்வார். முற்றத்தில் என்னை உட்கார வைத்து உச்சியில் எண்ணெயை அழுத்தித் தேய்த்தபடி அம்மா வழக்கமான பாட்டைப் பாடினாள். “வறண்டு போயி கெடக்கு பாரு. வைத்தியனுக்குக் கொடுக்கத வாணியனுக்குக் கொடுன்னு சும்மாவா சொன்னாவ?” பரட்டையாகக் கிடந்த என் தலைமுடி அவள் கைக்குள் கறுத்து, பளபளத்து, சொன்னபடி கேட்டது.

வறண்டு போனது என்ற வார்த்தையை ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை கேட்கிறேன். முதல் நோயாளிக்கு மருந்து துபாயில் இருந்து வருகிறதாம். இரண்டாவது நோயாளிக்கு அடுக்களையிலேயே இருக்கிறது. இந்தப் பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பாவும் சித்தப்பாவும் நூல் வாங்கக் கோட்டாறுக்குப் போயிருந்தார்கள். எண்ணெய் ஊற வேண்டும் என்று என்னை விட்டுவிட்டு அம்மா தன் துணிகளை எடுக்க உள்ளே போனாள். நான் எண்ணெய்ச் சட்டியோடு பின்னறைக்குள் போனேன். அவசரப்படவில்லை. அம்மா எனக்குச் செய்வது போலவே, முதலில் உள்ளங்கையில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்து, பிறகு தோலில் வைத்து அழுத்தினேன். அது குடித்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. டிரைவர் சீட்டின் எல்லாத் துண்டுகளையும் முடித்து, மற்றதில் கை வைக்கும்போது சட்டி காலி. முடித்தவரைக்கும் ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். அப்பளச் சத்தம் இல்லை. பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்பா வந்து பாராட்டுவதற்காகக் காத்திருந்தேன்.

அப்பா வருவதற்கு முன்னாலேயே மணம் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். செருப்பைக் கூடக் கழற்றாமல் வந்து வாசலில் நின்றார். பாயில் பாதி வெளிறிய சுக்கு நிறம். பாதி கருப்பட்டி நிறம். நடுவே எண்ணெய் வழியும் தலையோடு நான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“மக்கா, எல்லாத்துலயும் போட்டியா?”

“இல்லப்பா, ஒரு சீட்டுக்குத்தான். எண்ணெ தீந்து போச்சு.”

பின்னால் நின்ற சித்தப்பா தலையில் கை வைத்தார். அம்மா எண்ணெய்ச் சட்டியைத் தேடிக்கொண்டு வந்து, பார்த்துவிட்டு, என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். திட்டவும் இல்லை. அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. தப்பு என்றால் அடி விழ வேண்டும், சரி என்றால் பாராட்டு வர வேண்டும். இரண்டும் இல்லை.

அம்மா பயற்றுமாவு கொண்டுவந்தாள், தலைக்குத் தேய்ப்பது போல. மேலே மிதந்த எண்ணெயை மாவு இழுத்துக்கொண்டது. உள்ளே போனது வரவில்லை, நிறமும் மாறவில்லை. பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. வழக்கமாகச் சிரித்துப் பேசுகிற ஆள், அன்றைக்குச் சிரிக்காமல் சொன்னார். அப்பா துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு துண்டின் ஓரத்தில், சட்டத்துக்கு உள்ளே மடிந்து கிடந்ததால் வெயிலும் சூடும் காணாத ஒரு பட்டை இருந்தது. எண்ணெய் படாத அந்தப் பட்டையும் கருப்பட்டி நிறத்தில்தான் இருந்தது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், இன்னொரு சட்டி எண்ணெய் காய்ச்சச் சொன்னார். “உள்ளி போடாத” என்றார்.

இரண்டாவது சீட்டுக்கு அவரே எண்ணெய் போட்டார். நான் உதவிக்குப் போனபோது என்னைத் தூக்கி முற்றத்தில் விட்டுக் கதவைச் சாத்தினார். கண்டுபிடித்தவளை வெளியே தள்ளிவிட்டு நடக்கும் அந்த வேலையை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றேன்.

அதன் பிறகு ஏழெட்டு நாள் அவர் செய்த வேலையை நான் இன்றைக்கும் பெருமையோடு நினைக்கிறேன். கிழித்துப் பஞ்சாக்கிய புது நாரை வரிவரியாக அடுக்கினார். தோல் இப்போது வளைந்தது. பழைய ஓட்டை ஒன்றுகூடப் பிசகாமல் ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. வெட்டுப்பட்ட இடத்தில், தோட்டத்து சாரிடம் இருந்து வாங்கி வைத்திருந்த அதே துண்டை உள்ளே கித்தான் கொடுத்து ஒட்டி, விளிம்பில் மயிரிழைத் தையல் போட்டார். விரலால் தடவினால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை துபாய் க்ரீமும் வந்து சேர்ந்தது. அதற்கு வேலை இல்லாததால் சித்தப்பா தன் செருப்புக்குப் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது என் பெயர் எப்போது வெளியே வரும் என்பது ஒன்றே கவலை.

தோட்டத்து சார் வந்த அன்று டீக்கடைக்காரர்கள் உட்பட ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. நான் தலை சீவி, இரட்டைச் சடை போட்டு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் நின்றேன். பாராட்டு வரும்போது தேட வைக்கக்கூடாது. அவர் கடையிலேயே விட்டுப்போயிருந்த காருக்குள் சீட்டுகளைப் பொருத்தி, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். அப்பா துணியை எடுத்தார்.

தோட்டத்து சார் குனிந்தார். அவர் மூக்கு முதலில் சுருங்கியது. பிறகு நெற்றி. முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனது.

“என்ன மணம் இது? நெறம் மாறியிருக்கே. யாரு இதுல எண்ணெ போட்டது?”

நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் தோளில் வந்து அழுத்தியது.

“நான்தான் சார் போட்டேன்” என்றார்.

நான் அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். இவ்வளவு பேர் முன்னால், இவ்வளவு பெரிய பொய்.

தோட்டத்து சார் கார்க்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். டிரைவர் சீட்டின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தினார். ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடித் தேடித் தடவினார். கைகளை ஸ்டியரிங் மேல் வைத்தார். பிறகு, பக்கத்தில் இருந்த காலி சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் சின்னப்பிள்ளையா அதுல உக்காந்து போகும்போ இந்த நெறம்தான். நான் மறந்தே போனேன் மேஸ்திரி.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் திருவிழாதான். அவர் இறங்கி வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். யாரோ தன் கேமராவில் படம் எடுத்தார்கள். பக்கத்து சீட்டில் அப்பாவை உட்கார வைத்து, வட்டக்கோட்டை வரைக்கும் ஒரு ஓட்டம் போய்வரலாம் என்று கிளம்பினார். வடசேரிச் சந்தைக்கு நடுவே, தேங்காய் நாரின் மேல், தலைமுடி பறக்க, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அப்பா போனதைப் பார்த்து சித்தப்பா விசிலடித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் அழுதேன். என்னுடையது வேறு அழுகை. இரண்டு பேர் மட்டும் போகிற காரில் மூன்றாவதாகக்கூட எனக்கு இடமில்லை, எனக்கு வர வேண்டிய பேரையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

“ஏட்டி, எண்ணெயும் போச்சு, பேரும் போச்சா?” என்று சித்தப்பா என் சடையைப் பிடித்து இழுத்தார். நான் அவர் கையைக் கடித்தேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் வழக்கு. அந்தப் போட்டோ கடையில் மாட்டப்பட்டது. தோட்டத்து சாரும் அப்பாவும் சிரிக்க, நடுவில் நான் மூஞ்சியை உப்பிக்கொண்டு நிற்கிறேன். யார் வந்து அதைக் கேட்டாலும் அப்பா கார்க்கதை சொல்வார், நான் இடையில் புகுந்து எண்ணெய்க்கதை சொல்வேன். கல்லூரிக்குப் போனபோதும் சொன்னேன். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த சொந்தக்காரர்களிடமும் சொன்னேன். அப்பா ஒவ்வொரு முறையும் சிரிப்பார், சில தடவை “ஆமா, அவதான் போட்டா” என்று சொல்வார். தோட்டத்து சார் காலமான பிறகு அவர் இப்படி ஒத்துக்கொள்வது அதிகமானது.

போன ஓணத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது, கடையில் அந்தப் போட்டோவின் முன்னால் நின்று என் கணவரிடம் இந்த வழக்கை மறுபடியும் எடுத்தேன். அவர் எதையும் முழுசாகக் கேட்கிற ஆள். அப்பா உள்ளே ஒரு ஜீப் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா ‘நான்தான் போட்டேன்’னு சொன்னது எப்பம்?” என்று கணவர் கேட்டார். “தோட்டத்து சார் நெறம் நல்லாருக்குன்னு சொன்னதுக்குப் பொறவா, முன்னாலயா?”

“முன்னாலதான்” என்றேன்.

சொன்ன பிறகு, மேற்கொண்டு கதையைச் சொல்ல எனக்கு வரவில்லை. உள்ளே அப்பா வாயில் நூலைக் கடித்துக்கொண்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் கேட்க வாக்குக் கொடுத்த மனிதர், அதே ஏழெட்டுப் பேர் முன்னால், தோட்டத்து சாரின் சுருங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொல்லியிருக்கிறார். என் தோளில் அவருடைய கை எவ்வளவு அழுத்தியது என்பது எனக்கு இத்தனை வருஷமும் ஞாபகம் இருந்தது. அது என்னைப் பின்னால் தள்ளுகிற கை என்றே நான் நினைத்திருந்தேன்.